கடைசி வண்டி வரும்வரை விளக்கை அணைக்காதீர்கள்

அலாஸ்காவின் இடிட்டராட் நாய்வண்டிப் பந்தயக் குழுவினருக்கு,

வணக்கம். ஒவ்வொரு மார்ச்சிலும் நாய்கள் இழுக்கும் பனிவண்டிகளைப் புள்ளிகளாகக் காட்டும் ஜிபிஎஸ் வரைபடத்தில் எல்லாரும் முன்னால் போகிறவர்களைப் பார்ப்பார்கள், நான் வால்பக்கத்தைப் பார்க்கிறவள். முதல் வண்டி பந்தயம் முடிகிற நோம் நகரத்துக்கு வந்து கொண்டாட்டமெல்லாம் முடிந்த பிறகும் எங்கோ பின்னால் இரண்டு மூன்று புள்ளிகள் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். அந்தப் புள்ளிகளுக்காகத்தான் இந்த மடல்.

போட்டி வேகத்தில் வராத வண்டியை விலக்க உங்கள் விதிகள் நடுவருக்கு அதிகாரம் தருகின்றன. அதைக் கடிகாரத்தை மட்டும் பார்த்துப் பயன்படுத்தாதீர்கள். என் கோரிக்கை அவ்வளவுதான்.

இந்தப் பந்தயம் யாருக்காகத் தொடங்கியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜோ ரெடிங்டன் 1948இல் அலாஸ்காவுக்கு வந்து, காட்டு நிலத்தில் குடியேறி, நாய்களை வைத்துப் பிழைத்தவர். பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைல் வந்ததும் கிராமங்களில் வீட்டுக்கு வீடு இருந்த நாய்கள் காணாமல் போவதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் 1973இல் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நாய்வண்டிப் பந்தயம் வைத்தார். ஜெயித்த டிக் வில்மார்த் எடுத்துக்கொண்டது 20 நாள். கடைசியாக வந்த ஜான் ஷுல்ட்ஸ் 32 நாள். இப்போது ஜெயிப்பவர்கள் ஒன்பது, பத்து நாளில் போய்விடுகிறார்கள். அன்று பாதையே வேறு, நாய்களும் வேறு, சரி. ஆனால் இன்றைய கணக்கை வைத்தால் அந்த முதல் வெற்றியாளரையே பாதி வழியில் வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

பின்னால் வருகிறவர் சோம்பேறி இல்லை. செக்பாயிண்டில் வண்டி நின்றதும் 16 நாய்களுக்கும் காலில் கட்டிய துணியுறைகளைக் கழற்ற வேண்டும், 64 பாதம். கையுறையோடு அந்த வேலை ஆகாது, கொல்லும் குளிரில் வெறும் விரலால் அவிழ்க்க வேண்டும். அப்புறம் வைக்கோல் பரப்பி, அடுப்பில் பனியை உருக்கி, இறைச்சியை ஊறவைத்து ஊட்டி, ஒவ்வொரு மணிக்கட்டையும் மடக்கிப் பார்த்து வீக்கம் இருக்கிறதா என்று தடவி, களிம்பு பூசி முடித்த பிறகுதான் அவருக்குத் தூக்கம், அதுவும் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. நாய்கள் கூடுதலாகத் தூங்கட்டும் என்று இன்னும் நான்கு மணி நேரம் நிற்கிறவர் பின்தங்கத்தான் செய்வார். அதற்காக அவரை விலக்கினால், நாயை விரட்டி ஓட்டு என்று நாமே சொல்லிக்கொடுப்பதாக ஆகிவிடாதா?

நாய்களுக்கு முடியவில்லை என்று கால்நடை மருத்துவர் சொன்னால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். 2024இல் மூன்று நாய்கள் இறந்ததை நான் மறக்கவில்லை, யாரும் மறக்கக் கூடாது. தன்னார்வலர்களையும் விமானங்களையும் நாள்கணக்கில் காக்கவைப்பது எளிதல்ல என்பதும் புரிகிறது. ஆனால் 2008இல் 96 பேர் ஓட்டிய பந்தயத்தில் 2023இல் 33 பேர்தான், முதல் ஆண்டின் 34ஐவிடக் குறைவு. நுழைவுக் கட்டணம் மட்டுமே 4,000 டாலர், அதற்கு மேல் வருஷம் முழுக்க நாய்த்தீனி. காட்டில் விறகு வெட்டி, மீன் பிடித்து, அதில் மிச்சம் பிடித்துப் பத்துப் பதினைந்து நாய் வளர்க்கிறவர் இதையெல்லாம் தாண்டித்தான் வருகிறார், அவரையும் துரத்திவிட்டால் மிஞ்சப்போவது பெரிய நாய்ப்பண்ணைகள்தான்.

நோமில் பந்தயத்தின் முதல் ஞாயிறன்று ஒரு விளக்கு ஏற்றுகிறீர்கள். தபால் வண்டிக் காலத்தில், பாதையில் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்று சத்திர வாசலில் தொங்கவிட்ட விளக்கின் வழக்கம் அது. கடைசி ஆள் வந்துதான் அதை அணைக்கிறார். ஆகவே இனி ஒருவரை விலக்குமுன் அவருடைய நாய்களைப் பார்த்த மருத்துவரைக் கேளுங்கள், அவர் சொன்னதை எழுத்தில் வெளியிடுங்கள். நாய்கள் நன்றாக இருக்கின்றன என்று அவர் எழுதினால், அந்த வண்டியை வரவிடுங்கள்.

இப்படிக்கு,
வால்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி