காப்பகம் கட்டுமுன் லயத்துப் பக்கம் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியா, ஹட்டன் பக்கம் தெருநாய்கள் கூடிவிட்டன, பிடித்துக்கொண்டுபோய் எங்காவது ஒரு காப்பகத்தில் அடையுங்கள் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. கோபம் நியாயம்தான். ஆனால் தெருவில் திரிகிற நாய்களில் பல, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஏதோ ஒரு லயத்து (வரிசை வீட்டு) வாசலில் சோறு தின்று வளர்ந்தவை. வளர்த்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, அவர்களால் முடியவில்லை, அவ்வளவுதான்.

பெட்டை நாய் வருஷத்துக்கு இரண்டு தடவைகூட குட்டி போடும். ஆண் குட்டியைக் கேட்டு வாங்கிப் போக ஆள் உண்டு, பெட்டைக் குட்டிகள் சாக்குப் பையில் கோயிலடிக்கோ சந்தைக்கோ போய்விடும். கருத்தடை செய்தால் என்ன என்று கேட்பீர்கள். மிருக வைத்தியர் இருப்பது டவுனில், பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள், ஓட்டோ பிடிக்க வேண்டும், அன்றைக்கு வேலையும் போய்விடும். 2024இல் அரசாங்கம் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது, கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். இதில் நாய்க்கு எதை ஒதுக்குவது? ஆனாலும் நாய் வேண்டும். மரக்கறித் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் குரைக்க வேறு யார் இருக்கிறார்கள்? (சிறுத்தை வந்தால் முதலில் தூக்குவதும் அந்த நாயைத்தான், அது வேறு கதை.)

2006க்குப் பிறகு நம் இலங்கையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வது நிறுத்தப்பட்டது. அது நல்ல முடிவு. ஆனால் கொல்லாமல் காப்பகத்தில் அடைப்பதன் கணக்கையும் பார்க்க வேண்டும். காப்பகத்துக்குள் போகும் நாயை யாராவது எடுத்துக்கொண்டு போகாவிட்டால் அது சாகும்வரை அங்கேதான், சோறு, மருந்து, கூடு, ஆள் சம்பளம் எல்லாம் அதுவரைக்கும் ஓடும். நாட்டு நாயை யார் வந்து எடுக்கப் போகிறார்கள்? கட்டிடம் சீக்கிரமே நிரம்பிவிடும், வெளியே குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும்.

அமெரிக்காவில் தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் காப்பகத்தில் 2013இல் லோரி வைஸ் என்ற பெண்ணின் அமைப்பு செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நாயை விட்டுவிட வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, திட்டாமல், ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டார்கள். வைத்தியச் செலவு, உடைந்த வேலி, வீட்டுக்காரர் கேட்கும் முன்பணம் என்று பதில் வந்தது. அந்த ஒரு சிக்கலைத் தீர்த்துக் கொடுத்ததும் பலர் நாயைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இது புதிய யோசனையும் இல்லை. 1917இல், உலகப்போர் நடக்கும்போதே, மரியா டிக்கின் என்பவர் இலண்டன் வைட்சேப்பலில் ஒரு நிலவறையில் ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச வைத்தியம் தொடங்கினார். பிடிஎஸ்ஏ என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது.

மனுசனுக்கே வழியில்லை, இதில் நாய்க்கா என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விரட்டிவிட்ட நாய் நாளைக்கு ஸ்கூல் பிள்ளையைக் கடிக்கலாம். அப்புறம் விசர்நாய்க்கடி ஊசிக்குப் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்கு நாள்கணக்கில் அலைய வேண்டும். ஊசி இலவசம், அந்தச் செலவு அரசாங்கத்தின் தலையில். நாய்க்கு முன்கூட்டியே போடும் ஊசிக்கு அதில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

இன்னொன்று மண்சரிவு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் எத்தனை குடும்பங்கள் உடுத்திய துணியோடு ஓடின என்பது எல்லோருக்கும் தெரியும். முகாமுக்கு நாயைக் கொண்டுபோக முடியாது, அதனால் அதைப் பார்க்க ஆபத்தான இடத்துக்கே திரும்பப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதிரி நேரத்தில் இரண்டு மூன்று வாரம் நாயை வைத்திருந்து, சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுக்கும் இடம்தான் உண்மையான காப்பகம். பிரசவத்துக்கோ ஒப்பரேசனுக்கோ ஆஸ்பத்திரியில் படுக்கிறவர்களுக்கும் அது உதவும்.

பிரதேச சபைகளும் தோட்ட நிர்வாகங்களும் சேர்ந்தால் இதைச் செய்யலாம். பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது, வைத்தியர்களைத் தேடி ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. கருத்தடை, தடுப்பூசி முகாமைத் தோட்டத்திலேயே, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமையில் போடுங்கள். வேலை நாளில் போட்டால் யாரும் வரமாட்டார்கள். அறிவித்தல் தமிழில் இருக்கட்டும். ஒப்பரேசன் முடிந்த பெட்டை நாயை அன்றைக்கே மழையில் லயத்துக்கு அனுப்பாதீர்கள், காயம் ஆறும்வரை ஈரமில்லாத ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டும். லயத்து வாசலில் அப்படி ஓர் இடம் கிடையாது. தோட்டத்தில் சும்மா பூட்டிக் கிடக்கும் பழைய ஸ்டோர் ஒன்றைத் தோட்டத்து மேலாளரான துரை திறந்துவிட்டாலே போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
லிந்துலை