கல்லீரலுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்: யாரும் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அண்ணன் காசிமேட்டில் வலை பின்னுகிறவர். போன ஆடியில் ஒரு விடியற்காலை வயிறு திடீரென்று பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கிளினிக்கில் வாயு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். வீடு வருவதற்குள் முகம் வெளுத்து, வியர்த்துக் கொட்டி, மயங்கிச் சரிந்தார். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது: கல்லீரலில் இருந்த புற்றுக்கட்டி வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம்.

தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்தார்கள். இப்படி வெடித்தவர்களில் பலர் முதல் மாதத்தைத் தாண்டுவதில்லை என்று டாக்டர் சொன்னதும் அண்ணிக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணனுக்குக் கல்லீரல் ஓரளவு தாங்கியதால், சில வாரம் கழித்துக் கட்டியை அறுவை செய்து எடுக்க முடிந்தது.

என் ஆதங்கம் வேறு. 8 வருடம் முன்பு ரத்ததானம் செய்யப் போனபோதே அவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது தெரியும். அதனால் கல்லீரலில் புற்று வரலாம், 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுங்கள் என்று யாருமே சொல்லவில்லை. குடிப்பழக்கமே இல்லாதவர், அதனால் நாங்களும் கல்லீரலை நினைக்கவில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்குச் செய்வதுபோல, இந்தக் கிருமி உள்ளவர்களையும் பட்டியல் வைத்து ஸ்கேனுக்கு அழைக்க வேண்டும். வடசென்னை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இதைத் தொடங்கலாம்.

- ஒரு வாசகி, காசிமேடு