எங்களிடம் கேட்காமல் எழுதப்படும் சாவுச் செய்திகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாடொன்றில் கழுத்துக்குக் கீழ் இயங்காத ஒருவர் மருத்துவர் உதவியுடன் உயிரை முடித்துக்கொண்ட செய்தியைத் தங்கள் பத்திரிகையில் படித்தேன். 'வேதனையிலிருந்து விடுதலை' என்று தலைப்பு. எப்படி முடிந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது என்பதெல்லாம் விபரமாக இருந்தது. அவரை யார் பராமரித்தார்கள், அவருக்கு எது கிடைக்காமல் போனது என்று ஒரு வரிகூட இல்லை.

நுண்கடன் தொல்லையால் வன்னியில் தாய்மார் உயிரை மாய்த்தபோது நீங்கள் அப்படி எழுதவில்லை. வட்டியைக் கேள்வி கேட்டீர்கள், வீட்டு வாசலில் வந்து நின்று வசூலித்தவர்களைக் கேள்வி கேட்டீர்கள். செய்திக்குக் கீழே 1926 என்ற மனநல உதவி எண்ணையும் போட்டீர்கள். அதற்காக நன்றி சொல்கிறேன். சக்கர நாற்காலியில் இருந்தவரின் சாவுக்குக் கீழே ஏன் அந்த எண் இல்லை? தற்கொலையைத் தீர்வாகக் காட்ட வேண்டாம், முறையை விபரிக்க வேண்டாம் என்று ஊடகங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அறிவுரை எங்களுக்குப் பொருந்தாதா?

நான் 2009இல் ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தவள். சாக வேண்டும் என்று நானும் கேட்டிருக்கிறேன். படுக்கைப் புண் எலும்புவரை போய், காய்ச்சலும் நாற்றமுமாகக் கிடந்த மாதங்கள் அவை. யாராவது படிவம் ஒன்றை நீட்டியிருந்தால் அன்றைக்கே ஒப்பமிட்டிருப்பேன். காற்று மெத்தை ஒன்றும், புண்ணைக் கழுவிக் கட்ட ஒழுங்காக வரும் ஒரு தாதியும் கிடைத்த பிறகு அந்த எண்ணம் மெல்ல மெல்லப் போய்விட்டது. கால் இன்றைக்கும் இயங்கவில்லை.

தாங்க முடியாத வலிதான் காரணம் என்று எழுதுகிறீர்கள். மருத்துவர் உதவியுடன் உயிரை முடித்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டம் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1997இலிருந்து நடைமுறையில் உள்ளது, ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று கணிக்கப்பட்டவர்களுக்கு மட்டும். அங்கு ஆண்டுதோறும் வெளியாகும் அறிக்கையில் முன்னுக்கு நிற்கும் காரணங்கள், தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாமை, பிடித்தவற்றைச் செய்ய முடியாமை, கண்ணியம் போய்விட்டதென்ற எண்ணம். வலி அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. சலம் போகக் குழாய், மலங்கழிக்க இன்னொருவர் கை, இரவில் புரட்டிவிட ஓர் ஆள்: எங்களில் பலருக்கு இது தினசரி வாழ்க்கை. இதைக் கண்ணியம் கெட்ட நிலை என்று அச்சிடும்போது எங்களைப் பற்றித்தான் அச்சிடுகிறீர்கள்.

கனடா எங்களுக்குத் தூரத்து நாடில்லை, எங்கள் சகோதரங்கள் அங்கே இருக்கிறார்கள். 2016இல் அங்கு சட்டம் வந்தபோது இயற்கை மரணத்தை நெருங்கியவர்களுக்கு மட்டும் என்றார்கள். 2021இல் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். வீட்டில் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்கும் வசதிக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய தனக்கு, அரச ஊழியர் ஒருவர் சாவதற்கான உதவியை முன்வைத்ததாக முன்னாள் படையினரும் பராலிம்பிக் வீராங்கனையுமான கிறிஸ்டின் கோத்தியே 2022இல் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியமளித்தார். 2025 மார்ச்சில், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. குழு அந்த 2021 விரிவாக்கத்தை நீக்கும்படி கனடாவிடம் கேட்டது. இலங்கையும் 2016இல் ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் குழு அது. இவற்றில் ஒன்றையாவது தங்கள் செய்தியில் சேர்த்திருக்கலாமே.

மரணப்படுக்கையில் துடிக்கும் ஒருவருக்கு வலி தணிக்கும் மருந்து தாராளமாகக் கிடைக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. நான் பேசுவது இன்னும் பல வருடம் வாழக்கூடியவர்களைப் பற்றி. இங்கே பார்க்க வருபவர்கள் கட்டிலருகில் நின்று, "இப்பிடிக் கிடந்து உத்தரிக்கிறதிலும் பார்க்கப் போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்று எங்கள் காதுபடவே சொல்கிறார்கள். அந்த வீட்டிலும் உங்கள் பத்திரிகை வாசிக்கப்படுகிறது. தான் குடும்பத்துக்குப் பாரம் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பொடியன் அந்தத் தலைப்பை என்னவென்று எடுத்துக்கொள்வான்?

அடுத்த முறை இப்படியான செய்தி வந்தால், போடுவதற்கு முன் எங்களில் ஒருவரைக் கேளுங்கள். மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்கான உயிரிழை அமைப்பு இருக்கிறது. இறந்தவருக்கு என்ன பராமரிப்பு மறுக்கப்பட்டிருக்கலாம் என்று எந்த மருத்துவரையும் விட அவர்கள் விபரமாகச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கிளிநொச்சி.