வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும், வட்டத்தின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்தது ஒரே வேலை. கிளை நூலகத்தின் பின்னறையில் சாக்கு மூட்டைகளாகக் கிடந்த குடமுழுக்கு மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், கூட்டுறவுச் சங்க அறிக்கைகள், நின்றுபோன சிற்றிதழ்கள் எல்லாவற்றையும் தூசி தட்டி, ஒவ்வொன்றுக்கும், பொருளுக்கேற்ப அலமாரியில் அதன் இடத்தைக் காட்டும் பகுப்பு எண்ணும் பொருட்சுருக்கமும் எழுதிவைக்க வேண்டும். கரையான் அரித்தது போக மிஞ்சியதில் பாதியை முடித்திருக்கிறோம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம் வழக்கம்போல் கொண்டாடப்பட்டது.

ஆகஸ்ட் 12, சீர்காழி தந்த எஸ். ஆர். ரங்கநாதனின் பிறந்த நாள். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் இட அவர் வகுத்த கோலன் பகுப்பு முறை பற்றி அன்று நூலகர் ஐயா பேசினார். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகவியல் படிக்க இலண்டன் போனபோது அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு விதவிதமான பொம்மைகள் செய்துகாட்டினார்கள். ஒரு நூலின் பொருளையும் இப்படிப் பிரித்துப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. பிரித்த கூறுகளின் குறிகளை இணைக்க, ஆங்கிலத்தில் கோலன் எனப்படும் முக்காற்புள்ளியே (:) அவருக்குத் திருகாணி ஆயிற்று. 1933இல் அந்த முறையை நூலாக வெளியிட்டது சென்னை நூலகச் சங்கம். ஒரு சங்கம் செய்த காரியம் அது என்பதை நம் உறுப்பினர்கள் நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நாம் எண் இடுவதற்கு எடுத்துக்கொண்டது டூயி தசமப் பகுப்பு. 1876இல் அமெரிக்காவில் வெளிவந்த முறை அது. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று மூன்று இலக்கம் போதும். தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று எழுத வேண்டியிருக்கிறது. சமயத்துக்கான 200இல் பெரும்பங்கு கிறித்தவத்துக்குப் போய்விட, இந்து சமயம் 294.5இல் ஒதுங்கி நிற்கிறது. இதைப் பார்த்து இளைய உறுப்பினர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பிற நூலகங்களோடு ஒத்துப்போகும் எண் வேண்டும் என்பதால் அதையே வைத்துக்கொண்டோம்.

இந்த ஆண்டின் மிகப் பெரிய பாடம் ஒரு குடமுழுக்கு மலரிலிருந்து கிடைத்தது. அதற்கு 294.5 என்று எண் இட்டு, "பக்தி மணம் கமழும் அரிய மலர்" என்று சுருக்கமும் எழுதி அடுக்கிவிட்டோம். அதன் பிறகு பாசன வாய்க்கால்களைப் பற்றி ஆராயும் மாணவி ஒருவர் வந்தார். வேளாண்மைக்குரிய 630ஐத் தேடினோம், பதிவேட்டைப் புரட்டினோம், இல்லை என்று அனுப்பிவிட்டோம். இரண்டு மாதம் கழித்து அட்டை கிழிந்திருந்த அந்த மலரை ஒட்டுவதற்குப் பிரித்தபோதுதான், ஊரில் கர்ணமாக, அதாவது நிலக்கணக்கு எழுதுபவராக இருந்த ஒருவர் எழுதிய கட்டுரை உள்ளே இருப்பதைப் பார்த்தோம். எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாய்கிறது என்று பெயர் பெயராக எழுதியிருந்தார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

எண் தவறில்லை. மலர் கோயிலுக்குரியது, அலமாரியில் அது ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். தவறு சுருக்கத்தில். அந்த மலருக்குள் வேறு என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியது அதுதான். பாராட்டி எழுதிய நாம் அதைச் சொல்லாமல் விட்டோம். இப்போது அந்த மலருக்கான நூற்பட்டியல் அட்டையில் இப்படி இருக்கிறது: "கோயில் குடமுழுக்கு மலர். திருப்பணி வரலாறு, நன்கொடையாளர் பட்டியல், கல்வெட்டுப் பாடம் இரண்டு. பக்கம் 41 முதல் 47 வரை ஊர் வாய்க்கால்களின் பெயர்கள், மடைகள், அவை பாயும் வயல்கள்." பாசனம் என்ற தலைப்பிலும் ஓர் அட்டை எழுதி, இந்த மலரைப் பார்க்கும்படி குறித்துவிட்டோம். மாணவிக்குக் கடிதம் எழுதினோம். அவர் மறுபடி வந்து படியெடுத்துப் போனார்.

அதன் பிறகு செயற்குழு, சுருக்கத்தில் "அரிய", "சிறந்த", "பயனுள்ள" ஆகிய சொற்கள் கூடாது என்று முடிவு செய்தது. சிலருக்கு வருத்தம். கவிஞர்களான உறுப்பினர்களுக்குக் கூடுதல் வருத்தம். நூலைப் படித்து முடித்தவரின் மகிழ்ச்சியைச் சொல்ல மதிப்புரை இருக்கிறது. சுருக்கம் இன்னும் படிக்காதவருக்காக எழுதப்படுவது. வேதியியல் அறிஞர்கள் அமெரிக்காவில் 1907 முதல் சுருக்கங்களுக்கென்றே ஓர் இதழ் நடத்திவந்ததை நூலகர் ஐயா எடுத்துச் சொன்ன பிறகு சமாதானமானார்கள்.

மலர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சுட்டினால் போதும். கூட்டுறவுச் சங்க அறிக்கைகளுக்கு அது போதாது. கடன் தொகை, உறுப்பினர் எண்ணிக்கை, வறட்சி ஆண்டில் தள்ளுபடி ஆனது எவ்வளவு என்று முடிவுகளையே எழுதுகிறோம். தாள் பொடிந்துவிட்டால் அந்தச் சுருக்கம் மட்டுமே மிஞ்சும் என்ற அச்சத்தோடு எழுதுகிறோம்.

சுருக்கங்களில் பெரும்பகுதியை எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மையார். கண் அறுவை முடிந்த இரண்டாவது மாதமே வந்து உட்கார்ந்தார். அவருக்கு இந்தச் சபையின் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுக்குழுவிடம் இரண்டு கோரிக்கைகள்: மீதமுள்ள மூட்டைகளை மழைக்கு முன் தரையிலிருந்து எடுக்க இரும்பு அலமாரி ஒன்று வாங்க அனுமதி வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய மலர்கள் இருந்தால், எடைக்குப் போடும் முன் நூலகத்தில் ஒருமுறை காட்டுங்கள்.

இவண்,
செயலாளர்