நாயின் மூளைக்கு வழிகாட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். தமனி ரத்தம் நுண்குழாய்களில் பரவாமல் நேரே சிரைக்குள் பாய்வது மூளை ரத்தக்குழாய்க் கோளாறுகளில் ஒரு வகை. நாய்களுக்கு அரிதாக வரும். வந்தால் வலிப்பு, ஒரே பக்கமாகச் சுற்றுவது, பார்வை மங்குவது, சில நேரம் கண் துருத்திக்கொண்டு நாடியோடு சேர்ந்து துடிப்பது என்று தெரியும். தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை அனுப்பி அந்தத் தவறான இணைப்பை உள்ளிருந்தே அடைப்பது இதற்கான சிகிச்சைகளில் ஒன்று. எங்கள் பிரிவு மட்டும் தனித்துச் செய்துவிடக்கூடிய வேலை அல்ல இது. யார் யார் எதைச் சுமந்தீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லவே இம்மடல்.

முதல் நன்றி, நோயாளியை அனுப்பும் ஊர்க் கால்நடை மருத்துவர்களுக்கு. தட்டணு எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரம், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிட்டே அனுப்புகிறீர்கள். உண்ணிக் காய்ச்சலில் தட்டணு குறைந்தாலும், சிறுநீரகக் கோளாறால் அழுத்தம் ஏறினாலும் மூளையில் ரத்தம் கசியும். அதற்கு மருந்து வேறு. குழாய் விட வேண்டிய தேவையே இல்லை. உங்கள் ஒரு தாள் ஒரு நாயை வீண் மயக்க மருந்திலிருந்து காப்பாற்றுகிறது.

ஸ்கேன் அறைத் தொழில்நுட்பர்களே, வழக்கமான எம்ஆர்ஐ பட வரிசைகளோடு நிறுத்தாமல் பழைய ரத்தக் கசிவைக் கரும்புள்ளியாகக் காட்டும் வரிசையையும் நீங்களாகவே சேர்க்கிறீர்கள். சிடியில் கிலோவுக்கு 2 மி.லி. கணக்கில் சாய மருந்து ஏற்றி, ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய துண்டுகளாக எடுத்துத் தருகிறீர்கள். சாயம் தமனியில் இருக்கும் நொடியிலேயே சிரையும் வெளுத்துத் தெரிந்தால் அங்கேதான் கோளாறு. படம் ஐந்தாறு விநாடி தாமதித்தால் இரண்டும் ஒன்றாக வெளுத்து, எது எதற்கு ஊட்டுகிறது என்பது தெரியாமலே போய்விடும்.

மனித மருத்துவமனையிலிருந்து வந்து கைகொடுக்கும் நரம்பியல் இடையீட்டு மருத்துவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மனிதருக்கு உட்கழுத்துத் தமனி மூளைக்கான நெடுஞ்சாலை. நாய்க்கு அது மெல்லிய பாதை. மண்டையோட்டுக் கால்வாய்க்குள் போய், ஒரு துளை வழியாக வெளியே எட்டிப் பார்த்து, வளைந்து, அதே துளையில் மறுபடி உள்ளே நுழைகிறது. அந்த வளைவில் கைடு ஒயரை, அதாவது வழிகாட்டும் மெல்லிய கம்பியைத் தள்ளினால் ரத்தக்குழாய் சுருங்கி இறுகிவிடும். இன்னும் தள்ளினால் கிழியும். அதனால் முதுகெலும்புத் தமனி வழியாகவோ, மேல்தாடைத் தமனியின் கிளை வழியாகவோ சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. உங்கள் கைகளுக்குப் பழகிய படம் வேறு. ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி, அரை மி.லி. சாயம் விட்டுப் பார்த்து, பிறகே அடுத்த அடி வைத்தீர்கள். அந்தப் பொறுமையை எங்கள் இளையவர்கள் பக்கத்தில் நின்று கற்கிறார்கள்.

'கழுத்திலேயே தமனியைக் கட்டிவிட்டால் என்ன?' என்ற கேள்விக்கு எங்களுக்காக நீங்கள் திரும்பத் திரும்பப் பதில் சொன்னதற்கும் நன்றி. கட்டினால் சில நாள் அடங்கியதுபோல் இருக்கும். நாய்க்குத் துணைக் குழாய்கள் தாராளம். அவை பருத்து, தமனியும் சிரையும் தவறாகப் பின்னிக்கிடக்கும் அதே முடிச்சுக்கு ரத்தம் கொண்டுபோகும். பிறகு குழாய் விட நினைத்தால் நாமே வாசலை மூடிவைத்திருப்போம். அதேபோல் தமனிகள் திறந்திருக்கும்போது வடிகால் சிரையை முதலில் அடைத்தால் ரத்தம் தேங்கி முடிச்சு வெடிக்கும். அடைப்பு, தமனியும் சிரையும் சந்திக்கும் இடத்தில் விழ வேண்டும்.

அந்த இணைப்பை அடைக்கும் திரவப் பிசினான ஓனிக்ஸைத் தயாரிக்கும் செவிலியர்களை மறக்கவே முடியாது. குப்பியை அதிர்வியில் இருபது நிமிடம் வைக்கிறீர்கள். 'போதுமே' என்று யார் அவசரப்படுத்தினாலும் எடுப்பதில்லை. குலுக்கல் போதாவிட்டால், எக்ஸ்ரேயில் தெரிவதற்காக அதில் கலந்திருக்கும் டாண்டலம் உலோகத் துகள் அடியில் தங்கும். எக்ஸ்ரேயில் திரவம் தெரியாது. எங்கே போகிறதென்று பார்க்காமல் மூளைக்குள் பிசின் விட வேண்டிவரும். ஓனிக்ஸின் கரைப்பானான டிஎம்எஸ்ஓவைத் தாங்கும் சிரிஞ்சையும் நீங்களே சரிபார்த்து நீட்டுகிறீர்கள். சாதாரண பிளாஸ்டிக் அந்தக் கரைப்பானில் இளகிவிடும். முதல் 0.25 மி.லி.யை 90 விநாடிக்குக் குறையாமல் செலுத்தும்போது கடிகாரம் பார்த்து உரக்க எண்ணுவதும் உங்கள் குரல்தான். வேகமாகத் தள்ளினால் டிஎம்எஸ்ஓ குழாய்ச் சுவரைப் புண்ணாக்கி இறுக்கிவிடும். பிசின் பின்னோக்கி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வந்தால் மைக்ரோகதீட்டர் என்ற மிக மெல்லிய குழாயின் நுனி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குப் போகும் கிளை பக்கத்தில் இருந்தால் பார்வையே போகலாம். 'நிறுத்துங்க' என்ற சொல் சரியான நொடியில் உங்களிடமிருந்து வருகிறது.

குழாய்களில் ரத்தம் உறையாமலிருக்க ஓடும் ஹெபரின் சலைனைக் கவனிப்பவர்களுக்கும் அதே நன்றி. விரல்நுனியால் குழாயைச் சுண்டிச் சுண்டி, கடுகளவு காற்றுக் குமிழையும் மேலே ஏற்றி வெளியேற்றுகிறீர்கள். அந்தக் குமிழ் போய்ச் சேரும் இடம் மூளை. எல்லாக் குழாயிலும் சேர்த்து நிமிடத்துக்கு 1 மி.லி. சொட்டினால்கூட மூன்று மணி நேரத்தில் 180 மி.லி.; 5 கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 36 மி.லி., சின்ன உடலுக்கு அது மிகுதி. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிவைப்பவரும் நீங்கள்தான்.

மயக்கவியல் மருத்துவர்களே, மூச்சில் வெளியேறும் கரியமிலவாயுவின் அழுத்தத்தை 35க்கும் 40 மி.மீ. பாதரசத்துக்கும் இடையில் பிடித்துவைக்கிறீர்கள். ஏறினால் மூளைக் குழாய்கள் விரிந்து வீக்கம் கூடும். மிகவும் இறங்கினால் சுருங்கி ரத்தம் போதாது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் கிலோவுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை, வடிகட்டி போட்டு, பதினைந்து இருபது நிமிடத்தில் ஏறுகிறது. படிகம் கண்ணுக்குத் தெரிந்தால் பாட்டிலை வெதுவெதுப்பாக்கிக் கரைத்த பிறகுதான். அடைத்து முடித்ததும் எல்லோரும் மூச்சுவிடும் நேரத்தில் உங்கள் வேலை இரட்டிப்பாகிறது. அதுவரை பட்டினி கிடந்த பக்கத்துக் குழாய்களுக்குத் திடீரென்று முழு அழுத்தம் வரும். அங்கே ரத்தம் கசியலாம். எழும்போது நாய் இருமி முண்டாமல் மெல்ல விழிக்கவைப்பது தனிக் கலை.

ரத்தம் தந்த நாய்களுக்கும் அவற்றை அழைத்து வந்தவர்களுக்கும் என்ன சொல்வது! 25 கிலோவுக்கு மேற்பட்ட நல்ல உடல்வாகுள்ள நாய் ஒரு தடவை 450 மி.லி. தருகிறது. உண்ணிநோய்ச் சோதனையும் வகைப் பொருத்தமும் முடிந்த பை கையில் வந்த பிறகே தொடையில் ஊசி போடுகிறோம்.

இன்னொரு கடனும் உண்டு. 1927-இல் போர்ச்சுகல் நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் மனித மூளையின் தமனிகளை எக்ஸ்ரேயில் காட்டியதற்கு முன் அந்த முறை நாய்களில் சோதிக்கப்பட்டது. 1954-இல் வில்லியம் ஜெர்மன், பிளாக் என்ற மருத்துவர்கள் இருவரும் தமனி வீக்கத்தை ஆராய அதை உருவாக்கிப் பார்த்ததும் நாயின் கழுத்துத் தமனியில். பெயர் பதியாத அந்த நாய்களை இங்கே வணங்குகிறோம்.

வளர்ப்பவர்களே, வலிப்பு மருந்தான லெவெடிராசிட்டம் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் நள்ளிரவிலும் எழுந்து கொடுக்கிறீர்கள். வலிப்பு வந்த நேரம், நீடித்த நிமிடம், கைப்பேசிப் படம் எல்லாம் உங்கள் குறிப்பில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அளவை மாற்றுகிறோம். கழுத்துப்பட்டையைக் கழற்றி மார்புப்பட்டைக்கு மாறியதும் பெரிய உதவி. கழுத்துச் சிரை அழுந்தினால் மூளையில் அழுத்தம் ஏறும். வீட்டுக்கு வந்த ஓரிரு நாள் மூச்சில் பூண்டு வாடை அடிக்கும்; அது டிஎம்எஸ்ஓ, பயப்பட வேண்டாம். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலோ காத்திருக்காமல் கொண்டு வாருங்கள். மறு ஸ்கேனுக்கு எம்ஆர்ஐதான் கேளுங்கள். சிடியில் டாண்டலம் கோடுகோடாகப் பளிச்சிட்டுப் பக்கத்தில் உள்ளதை மறைத்துவிடும்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
கால்நடை நரம்பியல் சிகிச்சைக் குழுவினர்