பிளேட் போடும் முன் வந்த போன்

நண்பர்களுக்கு,

கணிதம் அச்சுக்கோக்கும் லாடெக் மென்பொருளில் நானே பக்கம் அமைத்த என் கணிதப் புத்தகம் வந்துவிட்டது. இந்த மூன்று வாரமாக நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், மறுபடி ஆரம்பிக்கவில்லை. முதல் பிரதியில் மை வாசனை போவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே நின்றபோது, "எழுத்துருவை அழைக்கும் வரியில் ஸ்கிரிப்ட் தமிழ் என்று சேருங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் அனுப்பிய நண்பர், லாடெக்கின் பழைய வடிவமான பிடிஎஃப்லாடெக்கை விட்டு, தமிழ் எழுத்துருவை நேரடியாக ஏற்கும் ஸீலாடெக்குக்கு வாருங்கள் என்று தலையில் அடித்துக்கொண்ட பழைய மாணவி, மார்ஜினைத் தாண்டி ஓடிய சமன்பாடுகளை மடக்கித் தந்தவர், சோறு ஆறுகிறது என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த என் வீட்டார், எல்லோருக்கும் நன்றி.

ஆனால் இந்த மடல் அச்சகத்தில் பிளேட் (அச்சுத் தகடு) போடும் தம்பிக்கு. அன்று இரவு பதினொன்றேகாலுக்கு போன்.

"சார், 38ஆம் பக்கத்துல பிராக்கெட் வரியெல்லாம் 'எனில்'னு முடியுது. 61ல ஒண்ணுலயும் இல்லையே, பரவாயில்லையா?"

தூக்கிவாரிப் போட்டது. x ≥ 0 எனில், x < 0 எனில் என்று பிரித்து எழுதும் இடங்களில், தமிழ்ச் சொல்லை டெக்ஸ்ட் கட்டளைக்குள் வைக்காவிட்டால் லாடெக் அதைக் கணித எழுத்துருவில் தேடும். அங்கே தமிழ் ஏது? இடம் காலியாகிவிடும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் ஊரைக் கூட்டுகிற மென்பொருள், இதற்கு மட்டும் யாரும் திறந்து பார்க்காத குறிப்பேடான லாக் கோப்பில் ஒரு வரி முணுமுணுத்துவிட்டுப் போய்விடுகிறது. நான்கு முறை ப்ரூஃப் பார்த்தேன். எழுதியவன் கண்ணுக்கு இல்லாத 'எனில்'கூடத் தெரியும் போலிருக்கிறது. தேடினால் 41 இடம். திருத்தி அனுப்ப ஒரு மணி ஆயிற்று. அதுவரை பிளேட் போடாமல் காத்திருந்தார். "கணக்கெல்லாம் எனக்கு வராது சார், வரி ஒரே மாதிரி இல்லையேன்னுதான் கேட்டேன்" என்றார்.

லாடெக்குக்கு அடித்தளமான டெக் மென்பொருளை உருவாக்கிய கணினி அறிஞர் டொனால்ட் கனூத், 1977இல் தன் புத்தகத்துக்கு வந்த ப்ரூஃபின் அழகைப் பார்த்து நொந்துபோய்த்தான் அந்த வேலையில் இறங்கினார். தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் காசோலை தருவது 2008 வரை அவர் வழக்கம். 256 சென்ட், பதினாறு அடிமானத்தில் (பத்துப் பத்தாக இல்லாமல் பதினாறு பதினாறாக எண்ணும் முறையில்) எழுதினால் 100. இனி என் புத்தகத்தில் பிழை காட்டுகிற யாருக்கும் 256 ரூபாய் தருவதாக இருக்கிறேன்.

முதல் கவரை நேற்று அச்சகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்றார், வற்புறுத்தியதும் பிரித்து எண்ணினார்.

"250 சரி. இந்த ஆறு ரூபா எதுக்கு சார்?"