ஏர் டிரையரைக் கழற்றும் முன் வண்டிக்கு முட்டுக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோட்டார்ஹோமின் (வீடுபோல வசதி செய்த பெரிய வண்டி) ஏர் பிரேக் டிரையரை, அதாவது பிரேக்குக்குப் போகும் காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் கருவியை, நாமே மாற்றிக்கொள்வது பற்றி உங்கள் வாகன இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆயில் ஃபில்டர் மாற்றத் தெரிந்தவருக்கு இது அரை மணி நேர வேலை என்கிறார் கட்டுரையாளர். நான் பேருந்துப் பணிமனையில் பிரேக் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது நானும் மனைவியும் ஒரு பழைய மோட்டார்ஹோமில் ஊர் சுற்றுகிறோம். அதன் டிரையரை நானேதான் மாற்றினேன். ஆகவே 'நீங்களே செய்யாதீர்கள்' என்று சொல்ல வரவில்லை. தாராளமாகச் செய்யலாம். ஆனால் அவர் சொன்ன அரை மணி நேரம் என்பது கழற்றி மாட்டும் நேரம் மட்டும்தான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதையும் பின்னால் செய்ய வேண்டியதையும் அப்படியே விட்டுவிட்டார். அதில் ஒன்று ஆளைக் கொன்றுவிடும்.

முதலில் அதையே சொல்லிவிடுகிறேன். ஏர் பிரேக் உள்ள பெரிய மோட்டார்ஹோம்களில் பெரும்பாலும் சஸ்பென்ஷனும் ஏர்தான். வண்டியின் உடல் ரப்பர் காற்றுப் பைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டிரையரில் கை வைக்க வேண்டுமானால் டேங்குகளில் உள்ள காற்றை முழுவதும் இறக்க வேண்டும். அப்போது அந்தப் பைகளும் காற்றை விடலாம். உடனே விடுமா, நாம் அடியில் படுத்து ஸ்பானரைப் போட்ட பிறகு விடுமா என்று யாராலும் சொல்ல முடியாது. பல டன் எடை அரை அடி கீழே இறங்கினால் போதும், அடியில் இருக்கும் மனிதனுக்கு இடமே இருக்காது. கட்டுரையோடு வந்த படத்தில், லெவலிங் ஜாக்கிகளை மட்டும் இறக்கிவிட்டு ஒருவர் முன் ஆக்ஸிலுக்குப் பின்னால் மல்லாந்து படுத்திருக்கிறார். அந்த ஜாக்கிகள் வண்டியைச் சமமாக நிறுத்துவதற்காக வைத்தவை. அடியில் ஆள் வேலை செய்யும்போது பாரம் தாங்குவதற்காக அல்ல. ஹைட்ராலிக் ஓஸ் ஒன்று விட்டால் கதை முடிந்தது. எடைக்கு ஏற்ற இரும்பு ஸ்டாண்டுகளை, தயாரிப்பாளர் காட்டியிருக்கும் இடத்தில், சேஸிஸுக்கு அடியில் கொடுத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட வேண்டும். பேட்டரியையும் துண்டித்துவிடுவது நல்லது, சில டிரையர்களில் அடியில் ஹீட்டர் ஒயர் வருகிறது.

காற்றை இறக்குவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. டாஷ்போர்டில் இரண்டு முட்களும் பூஜ்யத்தைக் காட்டினால் எல்லாம் காலி என்று நினைத்துவிடுவார்கள். அந்த முட்கள் காட்டுவது பிரேக்குக்குப் போகும் இரண்டு டேங்குகளை. டிரையரிலிருந்து காற்று முதலில் போய்ச் சேரும் 'வெட் டேங்க்' பல வண்டிகளில் மீட்டரில் வராது. அதன் வடிகாலைத் தனியாகத் திறக்க வேண்டும். அதன் பிறகும் டிரையருக்குள்ளும் கம்ப்ரஸரிலிருந்து வரும் குழாயிலும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கலாம். குழாயை இணைக்கும் யூனியனை ஒரே இழுப்பில் கழற்றாமல் சற்றே தளர்த்தி, சத்தம் அடங்கும்வரை பொறுத்திருங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஓடி வந்த வண்டி என்றால் கம்ப்ரஸர் குழாய் கையைப் பொசுக்கிவிடும், ஆறட்டும்.

சரி, டிரையர் எதற்கு கெட்டது? கட்டுரையில் இந்தக் கேள்வியே இல்லை.

கம்ப்ரஸர் காற்றை அழுத்தும்போது அது சூடாகிறது. காற்றில் இருக்கும் ஈரமும், கம்ப்ரஸரின் எண்ணெய் ஆவியும் சேர்ந்தே வரும். டிரையருக்குள் இருக்கும் உலர்த்தி மணிகள் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அழுத்தம் 125 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) அளவுக்கு ஏறியதும், அழுத்தத்தைக் கவனிக்கும் கவர்னர் என்ற வால்வு கம்ப்ரஸருக்கு ஓய்வு கொடுக்கிறது. அதே நேரம் டிரையரின் அடியிலுள்ள பர்ஜ் வால்வு 'புஸ்' என்று திறக்கிறது. அப்போது உலர்ந்த காற்றில் கொஞ்சம் மணிகள் வழியாகத் திரும்பி வந்து, பிடித்து வைத்த ஈரத்தை வெளியே தள்ளுகிறது. அந்த ஓய்வு நேரத்தில்தான் டிரையர் தன்னைத் தானே காய வைத்துக்கொள்கிறது. எங்கோ ஒரு பிரேக் சேம்பரிலோ (காற்றின் அழுத்தத்தால் சக்கரத்தின் பிரேக்கை இயக்கும் கூடு) சஸ்பென்ஷன் வால்விலோ காற்று கசிந்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், மணிகளுக்குக் காய நேரமே கிடைக்காது. அந்த வண்டியில் புது டிரையரைப் போட்டாலும் கொஞ்ச நாளில் டேங்கில் தண்ணீர் நிற்கும். கசிவை அடைக்காமல் டிரையரை மாற்றுவது, ஓட்டை வாளியை அடிக்கடி கழுவி வைப்பதுபோல.

அதனால் கழற்றுவதற்கு முன் டேங்க் வடிகாலில் என்ன வருகிறது என்று ஒரு வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் மிகவும் மாறும் இடங்களில் சில துளி நீர் வருவது கோளாறு ஆகாது. நிறைய நீர் வந்தால் டிரையரையும் கசிவையும் சந்தேகப்படலாம். மோர் மாதிரி வெளுத்த எண்ணெய்க் குழம்பு வந்தால் கம்ப்ரஸர் எண்ணெயைத் தள்ளுகிறது என்று பொருள். பர்ஜ் வால்வில் காற்று நிற்காமல் சீறிக்கொண்டே இருந்தால், டிரையரின் வெளியேறும் பக்கத்தில் காற்றைத் திரும்பி வர விடாமல் தடுக்கும் செக் வால்வு பிடிக்கவில்லையா, கவர்னர் கோளாறா என்று பார்க்க வேண்டும். என் வண்டிக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் டிரையர், கம்ப்ரஸர் இரண்டையுமே மாற்றச் சொன்னார்கள். சொன்னவர் வடிகாலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், வெறும் தண்ணீர், எண்ணெய் வாடையே இல்லை. சோப்பு நீர் போட்டுத் தேடியதில் ஒரு சஸ்பென்ஷன் வால்வில் குமிழி வந்தது. அதைச் சரிசெய்துவிட்டு டிரையரை மாற்றினேன். கம்ப்ரஸர் இன்றும் அதேதான்.

மோட்டார்ஹோம்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேருந்து தினமும் ஓடுகிறது, நம் வண்டி மாதக்கணக்கில் சும்மா நிற்கிறது. 'அதிகம் ஓடவில்லையே' என்று கிலோமீட்டரைக் காட்டிச் சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. நிற்கும்போதும் ரப்பர் இறுகுகிறது, டேங்கில் தங்கிய நீர் துருவாகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, உலர்த்தி மணிகள் இருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றுவது பரவலான வழக்கம். உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதுதான் கணக்கு.

கழற்றி மாட்டும் வேலையைக் கட்டுரை நன்றாகவே சொல்லியிருக்கிறது, குறை சொல்ல அதிகம் இல்லை. மூன்று குழாய்களுக்கும் நிறம் நிறமாக டேப் சுற்றி அடையாளம் வைக்கச் சொன்னது நல்ல யோசனை. கம்ப்ரஸரிலிருந்து வருவது, டேங்குக்குப் போவது, கவர்னரிலிருந்து வருவது ஆகிய மூன்றும் இடம் மாறினால் டிரையர் வேலை செய்யாது. மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றச் சொன்னதை மட்டும் மறுக்கிறேன். அதன் நூல் பிய்ந்து போய் ஏதாவது வால்வில் உட்கார்ந்துவிடும், பிரேக் வால்வில் அது வேண்டாத விருந்தாளி. பசை மாதிரி வரும் சீலன்ட்டை முதல் மரையை விட்டுவிட்டு மெல்லியதாகத் தடவினால் போதும். அப்புறம், கம்ப்ரஸர் குழாய் டிரையரை நோக்கித் தாழ்ந்துகொண்டே வர வேண்டும். நடுவில் தொங்கினால் அங்கே நீர் தேங்கும், கடுங்குளிரில் அது உறைந்து வழியை அடைத்துவிடும்.

மாட்டி முடித்ததும் 'ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்' என்று கட்டுரை முடிகிறது. ஓட்டக் கூடாது! கட்டைகளை எடுக்காமல், சமதளத்தில் நிறுத்தியபடியே சோதிக்க வேண்டும். என் மனைவி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முள்ளைப் படித்துச் சொல்வார், நான் வெளியே சோப்பு நீரும் பிரஷ்ஷுமாக நிற்பேன். அழுத்தம் முழுதாக ஏறி பர்ஜ் வால்வு ஒருமுறை சீறி அடங்க வேண்டும். பிறகு இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் நிலையில் விட்டு, பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை அழுத்திப் பிடித்தபடி இன்னொரு நிமிடம், இதில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. அமெரிக்காவில் கனரக வாகன உரிமத் தேர்வில் ஒற்றை வண்டிக்குக் கேட்கும் கணக்கு இது. பிறகு பெடலை மிதித்து மிதித்துக் காற்றைக் குறையுங்கள். 60 பி.எஸ்.ஐ. வாக்கில் எச்சரிக்கை ஒலி வர வேண்டும், 20க்கும் 45க்கும் இடையில் பார்க்கிங் பிரேக் குமிழ் தானாக வெளியே தள்ளி ஸ்பிரிங் பிரேக் பிடிக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும், மெக்கானிக் அங்கே வரட்டும்.

அடுத்த இதழில் பிரேக் சேம்பர் பற்றி எழுதப்போவதாக அறிவிப்பு பார்த்தேன். கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். பின் சக்கரச் சேம்பரில் பார்க்கிங் ஸ்பிரிங் இருக்கும் பகுதியின் மூடியை யாரையும் திறக்கச் சொல்லிவிடாதீர்கள். உள்ளே அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் பல நூறு கிலோ விசையோடு இருக்கிறது, டேங்கில் காற்றே இல்லாவிட்டாலும் அந்த விசை போய்விடாது. அந்தப் பகுதி கெட்டால் அதைப் பழுதுபார்க்கும் பேச்சே வேண்டாம், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து வைக்கும் கேஜிங் போல்ட்டைப் போட்டுக் கட்டிய பிறகு முழுசாக மாற்றுங்கள் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கனரக வாகன மெக்கானிக்